பாட்டு முடியல்ல, அதுக்குள்ள தீர்ப்பு

நாலரை நிமிஷப் பாட்டு ஒன்று வெளிவருகிறது. வெளிவந்து மூன்றாவது நிமிஷத்தில் முதல் தீர்ப்பு விழுகிறது: "தலைவன் ரிட்டயர் ஆகலாம்." அடுத்த தீர்ப்பு: "வேற லெவல், பழைய ரஹ்மான் திரும்பி வந்துட்டார்." இரண்டு பேரும் பாட்டைக் கேட்டு முடிக்கவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள், முடித்திருக்கவே முடியாது. ஆனாலும் அந்த இரண்டு தீர்ப்பையும் ஆயிரம் பேர் லைக் போட்டுத் தூக்கிவிடுகிறார்கள். சாயங்காலம் ஆகும்போது பாட்டு ஹிட்டா மொக்கையா என்பது முடிந்த கதை.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். ஒரு மூத்த கலைஞனின் புதிய பாட்டுக்கு முதல் நாள் ரசிகன் கொடுக்கிற தீர்ப்பு அந்தப் பாட்டைப் பற்றியதே இல்லை. அது அவன் மனசுக்குள்ள ஏற்கனவே வைத்திருக்கிற பழைய பாட்டைப் பற்றியது. திட்டுகிறவனுக்கும் இது பொருந்தும், கொண்டாடுகிறவனுக்கும் பொருந்தும். இந்தப் பழக்கம் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத்து இளைஞர்களான எங்களையும் பிடித்திருக்கிறது. யாருக்குக் கேடோ இல்லையோ, எங்களுக்குக் கூடுதல் கேடு. ஏன் என்று பிறகு வருகிறோம்.

முதலில் கண்ணெதிரே நடந்த உதாரணம். 2025 இல் 'தக் லைஃப்'. மணிரத்னம், கமல்ஹாசன், ரஹ்மான். 'நாயகன்' வந்தது 1987 இல். அதற்குப் பிறகு மணிரத்னமும் கமலும் சேர்கிற படம். எதிர்பார்ப்பு வானத்தில் இருந்தது. மே 24 ஆம் திகதி சென்னையில் பாடல் வெளியீட்டு விழா. 'முத்த மழை' பாட்டைத் தமிழில் பாடியவர் தீ. அவர் அன்றைக்கு வரவில்லை. ஆகவே தெலுங்கிலும் இந்தியிலும் அதே பாட்டைப் பாடிய சின்மயி மேடையில் தமிழில் பாடினார். அவ்வளவுதான். அன்று இரவே ரசிகர்கள் நீதிமன்றம் கூட்டிவிட்டார்கள். சின்மயி பாடியதுதான் பாட்டு, தீ பாடியதைத் தூக்கி வீசு என்று ஒரு பக்கம். அந்தக் குரலுக்கு என்ன குறை என்று மற்றப் பக்கம். தீயின் குரலையும் உச்சரிப்பையும் கேலி செய்து எத்தனை மீம்! கடைசியில் சின்மயியே தீக்கு ஆதரவாகப் பேச வேண்டி வந்தது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஜூன் 5 இல் படம் வந்தபோது அந்தப் பாட்டே படத்தில் இல்லை. படமும் ஓடவில்லை. எல்லோரும் அடுத்த சண்டைக்குப் போய்விட்டார்கள்.

சரி, அந்தச் சண்டை எதைப் பற்றி நடந்தது? இசையைப் பற்றியா? 2018 இல் மீ டூ குற்றச்சாட்டுகளைப் பகிரங்கமாகச் சொன்ன பிறகு சின்மயி டப்பிங் யூனியனில் இருந்து நீக்கப்பட்டார், தமிழில் வாய்ப்புகள் சுருங்கின. அவரை மேடையில் கேட்டதும் பலருக்குக் குற்ற உணர்ச்சி வந்தது, அது நியாயம். அதோடு 2002 இல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் 'ஒரு தெய்வம் தந்த பூவே' பாடி அறிமுகமானவர் அவர். அதே மணிரத்னம், அதே ரஹ்மான், இலங்கைப் போரில் பெற்ற தாயைப் பிரிந்த ஒரு பிள்ளையின் கதை. இந்த ஞாபகம் எல்லாம் சேர்ந்துதான் அந்த மேடைப் பாட்டுக்குக் கைதட்டியது. தட்டட்டும், நாங்களும் தட்டினோம். ஆனால் ஒரு பாடகிக்கு நடந்த அநியாயத்துக்கு இன்னொரு பாடகியைப் பழி கொடுப்பது என்ன ரசனை? தீயின் குரல் அடங்கின குரல், கொஞ்சம் கரகரப்பு, காதுக்குப் பக்கத்தில் வந்து பாடுகிற மாதிரி. சின்மயி மேடையில் குரலைத் திறந்துவிட்டுப் பாடினார். ஒரே மெட்டை வைத்து இரண்டு வேலை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டிருந்தால் ஒரு கிழமைக்குப் பேச விஷயம் இருந்தது. நடந்ததோ கிரிக்கெட் மெட்ச்.

இனி அந்தப் "பழைய ரஹ்மான்" என்கிற ஆளைப் பற்றிக் கேட்க வேண்டும். 'ரோஜா' வந்தது 1992 இல். அப்போது ரஹ்மானுக்கு 25 வயசு. அதுக்கு முன்னே விளம்பரங்களுக்கு மெட்டுப் போட்டுக்கொண்டும், சென்னையில் நெமிசிஸ் அவென்யூ என்ற ரொக் குழுவை நடத்திக்கொண்டும் இருந்த பையன். இளையராஜாவிலே ஊறின காதுகளுக்கு அது அந்நியமாக இருந்தது. கம்ப்யூட்டர் இசை, விளம்பர இசை, சத்தத்துக்குள்ள வரி விளங்கல்ல என்று சொன்ன பெரியவர்களை எங்கள் லயங்களிலும் இன்றைக்கும் காணலாம். இன்றைக்கு நாம் "விண்டேஜ்" என்று கும்பிடுகிற இசை, அன்றைக்கு முதல் கேள்வியில் பெயில் ஆக்கப்பட்ட இசை.

இன்னொன்று. இதை எழுதுகிற நாங்கள் எல்லோரும் இருபதைத் தாண்டி ஒன்றிரண்டு வருஷம் ஆனவர்கள். 'ரோஜா' வந்தப்ப நாங்க பிறக்கவே இல்ல. 'பம்பாய்' வந்தப்பவும் இல்ல. 'அலைபாயுதே'க்கும் இல்ல. அப்படியிருக்க, "எங்க சின்ன வயசு ரஹ்மான் எங்க போனார்?" என்று நாங்கள் அழுவது எந்தக் கணக்கில்? அந்த ஏக்கம் எங்களுடையது இல்லை. அப்பாவின் கசெட்டில் இருந்தும், பஸ்ஸில் போட்ட பாட்டில் இருந்தும், போனில் பார்த்த ரீல்ஸில் இருந்தும் கடன் வாங்கினது. கடன் வாங்கின ஏக்கத்தை வைத்து, ஐம்பது வயசைத் தாண்டின ஒரு மனுஷன் நேற்றுச் செய்த வேலைக்கு மார்க் போடுகிறோம்.

இது தமிழனுக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். ரோலிங் ஸ்டோன்ஸ் 1962 இல் தொடங்கின ரொக் குழு. 2005 க்குப் பிறகு சொந்தப் பாட்டுகளோடு ஒரு அல்பம் வராமல் இருந்து, 2023 ஒக்டோபரில் 'ஹெக்னி டயமண்ட்ஸ்' வந்தது. பாடகர் மிக் ஜேகருக்கு அப்போது 80 வயசு. வந்தவுடனே உலகம் முழுக்க ஒரே கேள்வி: பழையபடி இருக்கா இல்லையா? பழையபடி இருந்தால் "தங்களையே கொப்பி அடிக்கிறார்கள்." மாறியிருந்தால் "இது அவர்கள் இல்லை." 2021 இல் இறந்துபோன ட்ரம்ஸ் கலைஞர் சார்லி வோட்ஸ் அந்த அல்பத்தில் இரண்டு பாட்டில் வாசித்திருக்கிறார். மற்றப் பாட்டுகளில் அவர் இல்லை. அந்த இரண்டுக்கும் மற்றதுக்கும் தாளத்தில் என்ன வித்தியாசம் என்று கேட்க ஒரு ஆர்வம் வர வேண்டாமா? அதைக் கேட்க நேரம் வேண்டும். முதல் நாள் ரசிகனிடம் அதுதான் இல்லை.

ஆனால் அவசரப்பட்டு எங்களை ரஹ்மான் வக்கீல் ஆக்கிவிடாதீர்கள். மற்றப் பக்கத்து ரசிகனையும் நாங்கள் விடப்போவதில்லை. அவனுக்கு ஒரு மந்திரம் இருக்கிறது: "ரஹ்மான் பாட்டு ஸ்லோ பொய்சன். கேக்கக் கேக்கத்தான் பிடிக்கும்." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இதுவும் கேட்காமலே கொடுக்கிற தீர்ப்புத்தான். பாட்டு வருவதற்கு முன்னாலேயே பாஸ் மார்க் போட்டு வைத்துவிட்டு, பிடிக்காதவன் காதில்தான் பிழை என்று சொல்வது. 2010 இல் டில்லியில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டிக்கு ரஹ்மான் ஒரு பாட்டுப் போட்டார். வந்த அன்றே ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. பதினைந்து வருஷம் கழிந்தும் யாரும் அதை முணுமுணுத்து நாங்கள் கேட்டதில்லை. பொய்சன் ஏறவே இல்லை. மெட்டாலிக்கா 2003 இல் 'செயின்ட் ஆங்கர்' போட்டபோது, ட்ரம்ஸ் தகரத்தில் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று ரசிகர்கள் சிரித்தார்கள். இன்றும் சிரிக்கிறார்கள். முதல் நாள் ரசிகன் சில வேளை சரியாகவும் சொல்லுவான். நின்றுபோன மணிக்கூடும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை சரியான நேரம் காட்டும், அதுக்காக அதைப் பார்த்து பஸ்ஸுக்குப் போக ஏலுமா?

மறுபக்கம் 2013 இல் வந்த 'கடல்'. படம் தோற்றது. அதில் சித் ஸ்ரீராம் என்ற புதுப் பையன் 'அடியே' என்று ஒரு பாட்டுப் பாடினார். தேவாலயப் பாட்டும் கறுப்பின மக்களின் இசையும் கலந்த சாயல், தமிழ் காதுக்குப் புதுசு. படத்தோடு சேர்ந்து அதுவும் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. பிறகு எத்தனை இசையமைப்பாளர்கள் அந்தக் குரலைத் தேடிப் போனார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆக, காலம் சில பாட்டைக் காப்பாற்றும், சில பாட்டைக் கைவிடும். எது எது என்று முன்கூட்டிச் சொல்ல ஒரே வழிதான் இருக்கிறது, கேட்பது. இரண்டு கட்சி ரசிகர்களும் தவிர்ப்பது அந்த ஒன்றைத்தான்.

இதை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இறப்பர் கணக்கில் சொன்னால் சட்டென்று விளங்கும். கேகாலை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கம் பால் வெட்டுகிறவர்கள் வீட்டில் பிறந்தவர்கள் எங்களில் பாதிப்பேர். வாளியில் எத்தனை லீட்டர் பால் இருக்கிறது என்று பார்த்து மட்டும் யாரும் கணக்கை மூட மாட்டார்கள். மெட்ரோலாக்கை உள்ளே விட்டு, அந்தப் பாலில் உண்மையான இறப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். மழைத்தண்ணி விழுந்தால் வாளி நிறையும், இறப்பர் கூடாது. இருபத்திநாலு மணித்தியாலத்தில் எத்தனை மில்லியன் வியூஸ் என்கிற கணக்கு, மழை நாளில் நிரம்பின வாளி. இதில் பாதி பாட்டைத் திட்டுவதற்காகப் பார்த்தவர்கள், பாதி சண்டை பார்க்க வந்தவர்கள். கம்பனிக்காரனுக்கு அது எல்லாம் ஒன்றுதான். அவனுக்கு வாளி நிறைந்தால் போதும். தீயை ஏசினவனும் சின்மயியைப் புகழ்ந்தவனும் சேர்ந்து ஒரே வாளியைத்தான் நிரப்பினார்கள், அதுவும் சம்பளம் இல்லாமல்.

இப்போது எங்கள் கதைக்கு வருவோம்.

எங்கள் தோட்டங்களுக்கு எந்தப் பாட்டும் முதல் நாள் வந்தது கிடையாது. தாத்தா பாட்டி காலத்தில் வானொலி. காலையில் 'பொங்கும் பூம்புனல்', பிறகு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் குரல்கள். இலங்கை வானொலி எப்போது போடுதோ அப்போது கேட்டார்கள். பிடித்த வரியைத் திரும்பக் கேட்க வேண்டும் என்றால் அடுத்த தடவை போடும் வரைக்கும் காத்திருந்தார்கள். அப்பா காலத்தில் கசெட். டவுனுக்குப் போய், பிடித்த பாட்டுகளை எழுதிக் கொடுத்து, பதிந்து வாங்கிக்கொண்டு வந்து, நாடா அறுந்துபோகிற வரைக்கும் கேட்டார்கள். அதுக்குள்ள அந்தப் படம் சென்னையில் ஓடி முடிந்திருக்கும். வசதி இல்லாததாலதான் அப்படி, அதைப் பெருமையாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தப் பிந்தின காதுக்கு ஒரு நன்மை இருந்தது. பாட்டு இவர்கள் கைக்கு வரும்போது சண்டை எல்லாம் ஓய்ந்துபோய், பாட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. எங்கள் அம்மாமாருக்கு எந்தப் பாட்டு எந்த வருஷம் ஹிட், எது ஃப்ளொப் என்று தெரியாது. எந்த இடத்தில் புல்லாங்குழல் வரும் என்று தெரியும்.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டு ரசிகன் தன் ஊர்ப் பாட்டையே எங்கள் நாட்டு வானொலியைத் திருப்பிக் கேட்டான். இன்றைக்கு நிலைமை தலைகீழ். பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிற பையன், பாட்டை முழுசாக லோட் பண்ண சிக்னல் இல்லாமல், சென்னைக்காரன் போட்ட ரியாக்‌ஷனின் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு "மச்சான், மொக்கயாம்" என்கிறான். அந்த "யாம்" இருக்கிறதே, அதுதான் எங்கள் பிரச்சினை. கேட்டவன் "மொக்க" என்பான். கேட்காதவன்தான் "மொக்கயாம்" என்பான்.

2022 ஜூலை 31 இல் 'பொன்னி நதி' வெளிவந்தது. இந்த நாடு அப்போது எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கா? ஜனாதிபதி ஓடிப்போய் ராஜினாமா செய்து இரண்டு கிழமைக்குக் கொஞ்சம் மேலதான் ஆகியிருந்தது. பெற்றோலுக்கு வரிசை, கரண்ட் கட், மாவு விலை. லயத்துக் காம்பராவில் போனுக்கு சார்ஜ் இருந்தாலே பெரிய காரியம். அந்த நாளில் "முதல் நாளே கேக்காதவன் எல்லாம் ரசிகனா?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். 2024 செப்ரெம்பரில்தான், அதுவும் இழுபறிக்குப் பிறகு, தோட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அப்போது அதில் அரிசி, பிள்ளையின் பஸ் காசு, கடைக் கடன் போக மிஞ்சினதில்தான் டேட்டா கார்ட். முதல் நாள் கேட்பது ஒரு வசதி. அந்த வசதியை ரசனை என்று பெயர் மாற்றி எங்களிடம் விற்கப் பார்க்கிறார்கள். வாங்க மாட்டோம்.

பிந்திக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதுக்கு எங்கள் வீட்டு உதாரணமே இருக்கிறது. 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. அறிவும் தீயும் பாடினது, சந்தோஷ் நாராயணன் இசை. வந்தவுடனே நாங்களும் ஆடினோம். டிக்டொக்கில் ஸ்டெப் போட்டோம். முதல் நாள் தீர்ப்பு: "செம பீட்." அவ்வளவுதான் தெரிந்தது. கொஞ்ச நாள் போன பிறகுதான், அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து திருப்பி அனுப்பப்பட்ட சனத்தில் ஒருவர் என்பது எங்களுக்குத் தெரிய வந்தது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 இல் கையெழுத்தானது. அதால் எங்கள் குடும்பங்கள் பாதி அந்தக் கரையிலும் பாதி இந்தக் கரையிலும் நிற்கின்றன. அது தெரிந்த பிறகு அதே பாட்டைக் கேட்டால், அது ஆட்டப் பாட்டாக மட்டும் இருக்கவில்லை. காட்டை வெட்டித் தோட்டம் ஆக்கியவனுக்கு ஒரு துண்டு நிலம் இல்லாத கதை அது. எங்கள் கதையையே முதல் தடவை கேட்டபோது எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அப்படியிருக்க, முதல் கேள்வியை நம்பி யாருக்குத் தீர்ப்பு எழுதுவது?

"பாட்டுத்தானே, அதுக்கு ஏன் இவ்வளவு சீரியஸ்? என்ஜாய் பண்ணிட்டுப் போவோமே" என்று சிலர் சொல்வீர்கள். பிடித்தால் "பிடிச்சிருக்கு" என்று துள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? பிடிக்காவிட்டால் ஓஃப் பண்ணிவிட்டு வேலையைப் பாருங்கள். ஒரு மனுஷனுக்கு ஒரு பாட்டு உடனே பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் அவன் சொந்த விஷயம். நாங்கள் எதிர்ப்பது, அந்தச் சொந்த விஷயத்தைத் தூக்கி எல்லோருக்குமான தீர்ப்பாக அறைவதை. ஏனென்றால் முதல் பார்வையில் தீர்ப்பு வாங்கிப் பழகினவர்கள் நாங்கள். பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, "ஆ, தோட்டமா?" என்று இழுத்து, நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னமே எங்களை அளந்து முடித்தவர்களை எங்களில் யார் சந்திக்கவில்லை? அப்போதெல்லாம் நாம் என்ன கேட்கிறோம்? கொஞ்சம் பொறுங்க, நான் சொல்றதக் கேளுங்க என்றுதானே? அந்தப் பொறுமையை ஒரு பாட்டுக்குக் கொடுக்க முடியாதவன், நாளைக்கு ஒரு மனுஷனுக்குக் கொடுப்பான் என்று நாங்கள் நம்பவில்லை.

கடைசியாக ஒன்று, இது நமக்குள்ளே பேச வேண்டியது. ரஹ்மானுக்கு நம்முடைய தீர்ப்பு தேவையில்லை. பாராட்டினாலும் அவருக்கு ஒன்றும் கூடாது, ஏசினாலும் குறையாது. ஆனால் இறக்குவானைப் பக்கமோ தெஹியோவிற்றப் பக்கமோ, மேசையில் போனை வைத்து ரெக்கோர்ட் பண்ணி, சிங்களமும் தமிழும் கலந்து ஒரு ராப் பாட்டைப் போடுகிற பையன் இருக்கிறான். மாசி மாசத்துக் காமன் கூத்தில் விடியும் வரைக்கும் தப்படிக்கிற அண்ணன் இருக்கிறார். அவர் கையில் எத்தனை அடி இருக்கிறது, எந்த அடி எதுக்கு என்று நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? அவர்களுக்கு முதல் நாள் ரியாக்‌ஷனும் கிடையாது, நூறாவது நாள் ரியாக்‌ஷனும் கிடையாது. சென்னைப் பாட்டுக்கு மூன்று நிமிஷத்தில் கருத்துச் சொல்ல ஓடுகிற நாம், பக்கத்து லயத்துக்காரன் பாட்டுக்கு மூன்று வருஷமாக வாயைத் திறக்கல்ல.

ஆகவே அடுத்த தடவை ஒரு பெரிய ஆளின் அல்பம் வரும்போது, ஒரு கிழமை சும்மா இருப்போம். பஸ்ஸில் ஒரு தடவை, பீலிக்கரையில் ஒரு தடவை, ராத்திரி ஹெட்செட்டில் ஒரு தடவை கேட்போம். பிறகு எழுதுவோம். எழுதும்போது "வேற லெவல்", "மொக்க", "பழைய ஆள் இல்ல" என்ற மூன்றையும் பாவிக்காமல் எழுதுவோம். எந்த இடத்தில் குரல் ஏறியது, எந்த வாத்தியம் தேவையில்லாமல் நுழைந்தது, எந்த வரி பொய்யாக இருந்தது என்று எழுதுவோம். ஏசுவதாக இருந்தால் கேட்டுவிட்டு ஏசுவோம்.

அந்த ஒரு கிழமை சும்மா இருக்க முடியாவிட்டால், அந்த நேரத்தில் உங்கள் தோட்டத்துப் பையன் போட்ட பாட்டைத் தேடிப் போய்க் கேளுங்கள். கேட்டுவிட்டு, எது பிடித்தது, எது சரிவரவில்லை என்று அவனிடமே சொல்லுங்கள். அவன்தான் இன்னும் யாராவது சொல்லுவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.